மஞ்சள் தட்டு

ஜூன் 15, ஞாயிறு

இந்த வீட்டில் எனக்குத் தனித் தட்டு வைத்திருக்கிறார்கள்.

சந்தேகமே இல்லை. வீட்டில் மூன்று பேர்: லொரேதானா, அவள் கணவன் ஃபாபியோ, பத்து வயது மகள் பியாங்கா. மூவருக்கும் நீலப்பூப் போட்ட வெள்ளைத் தட்டு. எனக்கு மட்டும் மஞ்சள் தட்டு, மஞ்சள் கோப்பை, மஞ்சள் கைப்பிடி வைத்த முள்கரண்டி. மூன்றும் சமையலறை மூலையில் ஒரு தனி அலமாரியில், துணி போர்த்தி இருக்கின்றன. சாப்பிட்டதும் நான் தட்டைக் கழுவப் போனேன். லொரேதானா ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். மற்ற பாத்திரங்களைத் தொடுவதற்கு முன்னால் அதை முதலில் கழுவினாள். அதற்கென்று தனி ஸ்பாஞ்சு. அதுவும் மஞ்சள்.

அவளுக்கு ஆங்கிலம் வராது. போனில் ஒரு மொழிபெயர்ப்பு ஆப் வைத்திருக்கிறாள். அதில் தமிழும் இருக்கிறது. அவள் இத்தாலி மொழியில் எதையோ படபடவென்று சொல்வாள், போன் கொஞ்சம் யோசிக்கும், பிறகு ரயில்வே ஸ்டேஷன் குரலில் தமிழ் பேசும்.

“வணக்கம். தங்கள் வருகையால் இந்த இல்லம் மகிழ்கிறது. இது தங்களுக்கே உரிய தட்டு ஆகும். வேறு எவரும் இதைத் தொட மாட்டார்கள்.”

சொல்லி முடித்ததும் அவள் சிரித்தாள். என் தாத்தாவுக்கு டீக்கடையில் தனி கிளாஸ் வைத்திருந்தவனும் சிரித்துக்கொண்டேதான் டீ ஊற்றுவானாம். கிளாஸ் கூரையில் செருகியிருக்கும். குடித்துவிட்டுத் தாத்தாவே கழுவி மறுபடி செருக வேண்டும். இங்கே கழுவித் தருகிறார்கள். ஐரோப்பா முன்னேறிய கண்டம்.

ஆம்பூருக்குப் பக்கத்திலிருந்து டப்ளினுக்குப் படிக்கப் போய், அங்கிருந்து இந்தக் கோடையில் இத்தாலியப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறேன். முகாம் நான்கு வாரம். ஆசிரியர்களை உள்ளூர்க் குடும்பங்களில் தங்கவைக்கிறார்கள். இந்த வேலையையும் இந்த வீட்டையும் எனக்குச் சொன்னது முகுந்த். போன கோடையில் அவன் இங்கேதான் இருந்தான். டப்ளினில் என் வகுப்பு, நங்கநல்லூர்ப் பையன். என் எதிரே உட்கார்ந்து மாட்டுக்கறி பர்கர் தின்ற ஒரே தமிழ் ஆள். விரலில் வழிந்த சாஸைக்கூட அவன் விடவில்லை. அதனால்தான் அவன் பேச்சை நம்பினேன். வேறு காரணம் இல்லை.

சாப்பாடு: சோறு, அதில் கெட்டித் தயிர், மேலே பச்சையாக ஏதோ இலை. எனக்குத் தயிர்சாதம் பிடிக்காது. பிறந்ததிலிருந்தே பிடிக்காது.

ஜூன் 16, திங்கள்

முகாம் ஒரு பள்ளி மைதானத்தில் நடக்கிறது. நடத்துபவர் பெயர் கொராடோ. கழுத்தில் விசில். வணக்கத்துக்கும் விசில், கோபத்துக்கும் விசில்.

அவருடைய சட்டம் ஒன்றுதான். ஆசிரியர்களுக்கு இத்தாலி மொழி தெரியவே கூடாது. தெரிந்தாலும் தெரியாது. பிள்ளை கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று இத்தாலி மொழியில் கேட்டால் மரம் மாதிரி நிற்க வேண்டும், ஆங்கிலத்தில் கேட்கும்வரை. இன்று இரண்டு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சரியான நேரத்தில் ஞாபகம் வரவில்லை. மூன்றாவது பிள்ளையை நானே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். விசில்.

பெற்றோர்களிடம் என்னை, “யசோதரா, டப்ளினிலிருந்து வந்திருக்கிறார்” என்று அறிமுகம் செய்தார். பொய் இல்லை, விமானம் அங்கிருந்துதான் கிளம்பியது. ஆனால் பிள்ளைகள் கொராடோ மாதிரி இல்லை. கண்ணால் பார்க்கிறார்கள்.

“அயர்லாந்துல எல்லாரும் உங்க கலரா?” என்று ஒருவன் கேட்டான்.

“வெயில் அடிச்ச வருஷத்துல பொறந்தவங்க மட்டும்.”

அவன் அதை நம்பி அம்மாவிடம் போய்ச் சொன்னான். விசில்.

மாலைக்குள் இன்னொரு கேடு. நான் பேசும்போது தலையாட்டுவதைப் பார்த்து வகுப்பு முழுக்கத் தலையாட்ட ஆரம்பித்துவிட்டது. “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லாத் தலையும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடுகிறது. அது ஆமாவா இல்லையா என்று கொராடோ என்னிடம் விசாரித்தார். சூழ்நிலையைப் பொறுத்தது என்றேன்.

பியாங்காவும் என் வகுப்பில்தான். கெட்டிக்காரி. வீட்டுக்கு நடந்து வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையைத் தொடலாமாம், தட்டைத்தான் தொடக்கூடாதாம்.

முகுந்துக்கு மெசேஜ் போட்டேன். “உனக்கும் மஞ்சள் தட்டு வச்சாங்களா?”

உடனே பதில். எப்போதும் உடனே பதில் போடுவான், அது ஒரு நல்ல பழக்கம், அவ்வளவுதான். “எல்லா டியூட்டருக்கும் அப்படித்தான் பா. ஹைஜீன். நீ எல்லாத்தையும் ஜாதியாவே பாக்காத.” பின்னால் ஒரு சிரிக்கும் முகம். “தயிர்சாதம் பண்ணாங்களா? நான்தான் கத்துக்குடுத்தேன்.”

பதிலுக்கு நானும் ஒரு சிரிக்கும் முகம் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

தயிர்சாதம்.

ஜூன் 18, புதன்

‘எல்லாத்தையும் ஜாதியாவே பாக்காத.’ இரண்டு நாளாக அந்த வரியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். காலையில் குளிக்கும்போது நான் ஜெயித்தேன். பல் துலக்கும்போது அது ஜெயித்தது. ஒருவேளை ஹைஜீன்தானோ என்று நினைத்து மத்தியானம்வரை நல்ல பிள்ளையாக இருந்தேன்.

மாலையில் இது நடந்தது.

சாப்பாட்டு மேஜையில் எல்லாருக்கும் வேகவைத்த சுரைக்காய் மாதிரி ஒன்று. எனக்குத் தயிர்சாதம். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஃபாபியோ தன் காயைத் தட்டில் இடம் மாற்றிக்கொண்டே இருந்தான், வாய்க்குள் ஒன்றும் போகவில்லை. பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, “கார்ல ஒரு சத்தம் வருது, பாத்துட்டு வரேன்” என்று கராஜுக்குப் போனான். அவனுக்கு ஆங்கிலம் வரும், ஷூ வியாபாரம். கொஞ்ச நேரத்தில் பியாங்கா சைக்கிளைப் பார்க்கப் போனாள். லொரேதானா துணி காயப்போடப் போனாள். துணி காயப்போடுவது கராஜில் இல்லை, கொல்லையில். கடைசியாக நாய் பெப்பே என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு அதுவும் போனது.

ஒன்பது மணிக்கும் இங்கே வெளிச்சம் இருக்கிறது. மேஜையில் நானும் மஞ்சள் தட்டும் மட்டும். கராஜிலிருந்து பேச்சு, சிரிப்பு, தட்டுச் சத்தம். என்னோடு ஒப்புக்கு உட்கார்ந்துவிட்டுத் தங்களுக்குள் தனியாகப் போய்ச் சாப்பிடுகிறார்கள்!

அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை. ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் நேரமில்லை, அங்கே நடு ராத்திரி. இருந்தாலும் எடுத்தாள்.

“இன்னாடி துன்ன?”

“தயிர்சோறு.”

“தயிர்சோறா? அத்த துன்னவா ஏரோப்ளேன் ஏறிப் போன?”

தட்டைப் பற்றிச் சொன்னேன். கராஜைப் பற்றியும் சொன்னேன். அம்மா கொட்டாவி விட்டாள்.

“அந்தம்மா உன்ன சைவம்னு நெனச்சிகினு கீதோ இன்னாவோ. வாயத் தொறந்து கேளேன்டி. உனக்குத்தான் இங்கிலீஸ் வருதே.”

அம்மாவுக்கு உலகம் தெரியாது. எதற்கு நான் கேட்க வேண்டும்? தாத்தா டீக்கடைக்காரனிடம் கேட்டாரா, ‘ஐயா, இந்தக் கிளாஸ் எந்த அர்த்தத்தில் வைத்திருக்கிறீர்கள்’ என்று?

ஜூன் 20, வெள்ளி

ஊர்ச் சந்தையில் முழுக்கோழியைக் கம்பியில் சுழற்றிச் சுழற்றிச் சுடும் ஒரு வண்டி நிற்கிறது. அரைக் கோழி வாங்கினேன். வண்டிக்காரன் என் முகத்தைப் பார்த்துக் குதூகலமாகி, கையையும் அரைகுறை ஆங்கிலத்தையும் சேர்த்து வைத்து, “போன வருஷமும் ஒரு இந்தியப் பையன். தினமும் வருவான். சுவரோரமா நின்னு தின்னுட்டுப் போவான்” என்றான்.

முகுந்த்! அவனும் என்னைப்போல் தயிர்சாதத்தில் செத்திருக்கிறான். இதே சுவரோரம், இதே கோழி. எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் நின்ற இடத்தில் நின்று சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. வெயிலாக இருந்ததால் போகவில்லை. வெயில்தான் காரணம்.

மாடியில் என் அறைக்குக் கொண்டுவந்து, ஜன்னலைத் திறந்து வைத்து, கதவிடுக்கில் துண்டை அடைத்துவிட்டுத் தின்றேன். எலும்பை வகுப்புக்கு அச்சடித்த ‘என் குடும்பம்’ பாடத்தாளில் சுற்றிக் குப்பைக்கூடையின் அடியில் புதைத்தேன்.

மாலையில் ஃபாபியோ தன் கடை ஷூ ஒன்றைக் காட்டினான். உள்ளே தங்க எழுத்தில் ‘இத்தாலியில் செய்தது’ என்று இருக்கிறது. “தொட்டுப் பாரு யாசோ, கை வேலைப்பாடு, எங்க ஊர்க்காரங்க கையில தலைமுறை தலைமுறையா வந்தது” என்றான். மேல்தோல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கொஞ்சம் இருமினான். “அது... உங்க பக்கம்தான். நாங்க அடிப்பாகம் ஒட்டுறோம்.”

என் அம்மாவின் கை பட்டது கடைக் கண்ணாடிக்குள் விளக்குப் போட்டு நிற்கிறது. அவள் பெற்றது மஞ்சள் தட்டில் சாப்பிடுகிறது. நல்ல வியாபாரம்.

ஜூன் 22, ஞாயிறு

விபரீதம்.

மத்தியானம் எல்லாரும் மேஜையில். வாசலில் பெப்பே வந்து நின்றது. வாயில் கோழிக்கால் எலும்பு. நேராக வந்து என் காலடியில், நன்றியோடு வைத்தது. பிறகு இன்னொன்று கொண்டுவரப் போனது.

லொரேதானா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் கண் நேராக ஃபாபியோ மேல் போனது. எனக்குத் தெரியாததாகக் கருதப்படும் இத்தாலி மொழியில் வசவு கொட்டியது. எனக்குப் புரிந்த சொற்கள்: வீட்டுக்குள்ளே, வெட்கம், பெண், கராஜ், உன் அம்மா. ஃபாபியோ எழுந்து நின்று நெஞ்சில் கைவைத்தான். மாதா மேல் சத்தியம் செய்தான். மகள் மேல் சத்தியம் செய்தான். தான் ஆதரிக்கும் கால்பந்து அணி மேலும் சத்தியம் செய்தான். அப்போதும் அவள் நம்பவில்லை.

போன் என் பக்கம் திரும்பியது. “தங்கள் கண்ணில் இது பட்டமைக்குப் பெரிதும் வருந்துகிறோம்.”

“பரவாயில்லை” என்றேன்.

ஃபாபியோ இன்றிரவு சோபாவில் படுக்கிறானாம். அவர்களுடைய குடும்ப விஷயத்தில் தலையிடுவது நாகரிகம் இல்லை. தவிர, என்னை விட்டுவிட்டுக் கராஜில் ஒளிந்து தின்பவர்களுக்கு ஒரு எலும்பைப் பார்த்து என்ன இவ்வளவு அதிர்ச்சி? வேஷம்.

ஜூன் 23, திங்கள்

தட்டைப் பொறுத்தேன். ஸ்பாஞ்சைப் பொறுத்தேன். கராஜைப் பொறுத்தேன். இன்று நடந்ததைப் பொறுக்க முடியாது.

முகாமில் மத்தியானச் சாப்பாடு. பிள்ளைகள் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைப் பிரிக்கிறார்கள். நான் போய்ப் பியாங்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ரொட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். எழுந்தாள். நாலு மரம் தள்ளிப் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றாள்.

“ஏன் பியாங்கா?” என்று கேட்டேன்.

“உங்க பக்கத்துல வச்சுச் சாப்பிடக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க” என்றாள். கேட்டதைச் சொல்லும் பிள்ளை. முகத்தில் ஒரு களங்கமும் இல்லை. கூடவே தலையை ஆட்டினாள், நான் கற்றுக்கொடுத்த மாதிரி.

பத்து வயது. என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளை.

நேராகக் கொராடோவிடம் போனேன். வீடு மாற்றித் தாருங்கள் என்றேன். விசிலை வாயிலிருந்து எடுத்தார். ஊரிலேயே நல்ல குடும்பம் அது, என்ன குறை என்றார். சொல்லவில்லை. இதை வெள்ளைக்காரர்களிடம் விளக்குவதற்கு வேண்டிய ஆங்கிலம் என்னிடம் இல்லை. தமிழும் இல்லை. சனிக்கிழமை மாறிக்கொள்ளலாம் என்றார். ஒரு பல் டாக்டர் வீடு காலியாக இருக்கிறதாம். தனி ஆள். நான்கு பூனைகள்.

“பூனைகளுக்குத் தனித் தட்டு உண்டா?” என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. மெதுவாக ஒரு விசில் ஊதினார்.

முகுந்திடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் ஹைஜீன் என்பான். அவன் ஏமாளி, அவனுக்கு எல்லாரும் நல்லவர்கள்.

ஜூன் 24, செவ்வாய்

கராஜில் இன்று பாட்டு வேறு.

ஜூன் 26, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கொராடோ இவர்களிடம் சொல்லிவிட்டார். முகாம் முடிந்து வந்தபோது மூவரும் மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள், துக்க வீடு மாதிரி. லொரேதானாவின் மூக்கு சிவந்திருந்தது. போனை எடுத்தாள்.

“தாங்கள் எங்களை விட்டுச் செல்வதாக அறிகிறோம். எங்கள் பிழை யாது? தயவுசெய்து கூறவும்.”

நான் எழுந்து போய் அந்தத் துணியை விலக்கி, மஞ்சள் தட்டை எடுத்து வந்து மேஜை நடுவில் வைத்தேன்.

“இதுதான்.”

லொரேதானா தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி ஃபாபியோவைப் பார்த்தாள். நான் இத்தாலி மொழி தெரிந்ததாக இனிமேல் எழுதிவிடுகிறேன், வேறு வழியில்லை.

“நீ இதுல என்ன வச்ச?”

“நானா? ஒண்ணும் வைக்கல!”

“ஃபாபியோ!”

“ஒரே ஒரு துண்டு!” என்று அலறினான். “போன புதன்கிழமை! வெள்ளைத் தட்டெல்லாம் சிங்க்ல கிடந்தது. ஒரே ஒரு துண்டு சலாமிக் கறி, இவ்வளவு மெல்லிசு! தூக்கி வெளிச்சத்துல காட்டினா அந்தப் பக்கம் தெரியும்!”

லொரேதானா நாற்காலியில் சாய்ந்தாள். பியாங்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபாபியோ என் பக்கம் திரும்பிக் கைகூப்பினான். “மன்னிச்சிரு யாசோ. மூணு தடவ கழுவினேன். உனக்கு எப்படித் தெரிஞ்சுது? வாசனையா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆங்கிலத்தில் கேட்டேன். “எனக்கு எதுக்குத் தனித் தட்டு?”

ஃபாபியோ அதை மனைவியிடம் அவர்கள் மொழியில் சொன்னான். லொரேதானா போனை வாய்க்குக் கிட்டத்தில் வைத்து நீளமாகப் பேசினாள். போன் நீளமாக யோசித்தது.

“இறைச்சி பட்ட பாத்திரத்தில் தங்கள் மக்கள் உண்ண மாட்டார்கள் என்று முகுந்த் கூறினார். இறைச்சியைக் காண்பதும் அதன் வாசனையும் தங்களுக்குத் துன்பம் தரும் என்றார். ஆகவே புதிய தட்டு வாங்கினோம். ஆகவே நாங்கள் கராஜில் உண்கிறோம். சென்ற ஆண்டும் அங்கேயே உண்டோம்.”

“நாலு வாரம்” என்றான் ஃபாபியோ. “ஸ்பேர் டயர் மேல உக்காந்து.”

“எனக்கு ஸ்பேர் டயர் பிடிக்கும்” என்றாள் பியாங்கா.

அம்மா சொன்னது. கொட்டாவி விட்டுக்கொண்டே, நடு ராத்திரியில், ஆம்பூரில் இருந்துகொண்டு சொன்னது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கராஜில் இவர்கள், மாடியில் துண்டை அடைத்துக்கொண்டு நான், நடுவில் எலும்போடு நாய். சிரிக்க ஆரம்பித்தேன். நான் சிரிப்பதைப் பார்த்து லொரேதானாவுக்குத் தைரியம் வந்தது. நல்லபடியாக முடிக்க வேண்டும் என்று நினைத்திருப்பாள். இன்னும் கொஞ்சம் போனில் பேசினாள்.

“தங்கள் நாட்டில் வேறு வகை மக்களும் உள்ளனர் என்று முகுந்த் கூறினார். அவர்கள் அனைத்தையும் உண்பர். மாட்டையும் உண்பர். அவரது இல்லத்தில் அவர்களைச் சமையலறைக்குள் அனுமதிப்பதில்லை. தாங்கள் அவரது தோழி என்பதால் தாங்களும் நல்ல வகையைச் சேர்ந்தவர் என்று அறிந்து மகிழ்ந்தோம்.”

சென்னை செல்லும் வண்டி நான்காவது நடைமேடைக்கு வரும் என்று சொல்லுமே, அதே குரல்.

லொரேதானா புன்னகையோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகச் சொல்லிவிட்டோமா என்று போனையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அவள்மேல் கோபப்பட முயற்சி செய்தேன். வரவில்லை. சொன்னதை நம்பியிருக்கிறாள். விருந்தாளிக்காகத் தன் வீட்டிலேயே ஒளிந்து தின்றிருக்கிறாள். ஒரு பெட்டியோடு வந்தவன் நாலே வாரத்தில் எங்கள் ஊரை இந்தச் சமையலறைக்குள் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். அதில் எனக்கு அவன் வீட்டுக்குள்ளேயே இடம் ஒதுக்கியிருக்கிறான். இவர்களிடம் நான் யார் என்று சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் சும்மா இருந்திருக்கிறான்.

எழுந்து கராஜுக்குப் போனேன். மூவரும் நாயும் பின்னாலேயே வந்தார்கள். ஸ்பேர் டயர் பக்கத்தில் ஒரு பெட்டி. திறந்தால் சலாமி, பன்றி, மாடு, பெயர் தெரியாத நாலைந்து. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்து, கத்தியை எடுத்து, ஒரு கனத்த துண்டு வெட்டினேன். வெளிச்சத்தில் காட்டினால் அந்தப் பக்கம் தெரியாத துண்டு. தின்றேன்.

லொரேதானா, “இயேசுவே” என்றாள்.

அவள் போனை நான் வாங்கினேன். தமிழில் சொன்னேன். “அந்த வேற வகை நான்தான்.”

போன் அதை இத்தாலி மொழியில் சொன்னது. அங்கேயும் அதே ரயில்வே குரல்தான்.

முதலில் புரிந்துகொண்டது பியாங்கா.

“அப்போ நாம இனிமே மேஜையில சாப்பிடலாமா?”

ஃபாபியோ ஏதோ விடுதலை கிடைத்தவன் மாதிரி ஒரு சத்தம் போட்டு உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தான். வாய் நிறைய வைத்துக்கொண்டு திடீரென்று நிறுத்தினான். “அப்போ அந்தக் கோழி எலும்பு?”

தலையாட்டினேன். இந்தத் தடவை அது ஆமா.

அவன் ரொட்டியை வைத்துவிட்டு, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, மனைவி பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தான். “சோபாவுல படுத்தேன். என் முதுகு! மன்னிப்புக் கேளு.” லொரேதானா கேட்கவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள். ‘நல்ல வகை’ என்ற சொல் இப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது. போனை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். கடைசியில் போனே இல்லாமல், எழுந்து போய் நீலப்பூப் போட்ட வெள்ளைத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். விளிம்பு கொஞ்சம் உடைந்த தட்டு. அவசரத்தில் அகப்பட்டது அதுதான்.

இதில் அழ ஒன்றும் இல்லை. நான் அழவில்லை. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 27, வெள்ளி

கொராடோவிடம் போய் வீடு மாறவில்லை என்றேன். காரணம் கேட்டார். பூனை எனக்கு ஆகாது என்றேன். நீண்ட விசில்.

பியாங்கா இன்று மரத்தடியில் என் மடியோடு ஒட்டி உட்கார்ந்து தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் வாயில் திணித்தாள். மற்ற பிள்ளைகளும் திணிக்க ஆரம்பித்தார்கள். எட்டு வகைப் பன்றி தின்றேன். மத்தியானம் பாடம் நடத்த முடியவில்லை.

மஞ்சள் தட்டை என்ன செய்வது என்று வீட்டில் பெரிய விவாதம். லொரேதானாவுக்குத் தூக்கிப் போட வேண்டும். நான் விடவில்லை. இப்போது அது மேஜை நடுவில் இருக்கிறது, எல்லாருக்கும் பொதுவான சாசேஜ் அதில்தான். மஞ்சள் ஸ்பாஞ்சைப் பெப்பே கடித்துக் குதறிவிட்டது. நல்ல நாய்.

அம்மாவுக்குச் சொன்னேன். “நான் சொல்லல?” என்றாள். பிறகு, “அந்தப் பையன் யாருடி? நீ அடிக்கடி பேரு சொல்லுவியே, பர்கர் துன்னான்னு?” என்றாள்.

“யாருமில்ல.”

“சரி, துன்னுட்டுப் படு” என்றாள்.

சாயங்காலம் அந்தக் கோழி வண்டிச் சுவரோரம் போய் நின்றேன். தினமும் இங்கே வந்து, யாரும் பார்க்காமல் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போய் அவர்களைக் கராஜில் உட்காரவைத்திருக்கிறான். பசிக்காக இல்லை, மதத்துக்காக இல்லை. உயரத்தில் உட்கார ஒரு நாற்காலி வேண்டியிருந்திருக்கிறது, மஞ்சள் நிறத்தில்.

அங்கேயே நின்று மெசேஜ் எழுதினேன். திருத்தாமல் அனுப்பினேன்.

“முகுந்த், என்கூட டப்ளின்ல மாட்டுக்கறி தின்ன. விரலை நக்கின. இங்க எதுக்குடா தனித் தட்டு கேட்ட? காரணம் எனக்குத் தெரியும், அதைச் சொல்ல வேண்டாம். நீ செய்ய வேண்டியது ஒண்ணுதான். லொரேதானாவுக்கு ஃபோன் பண்ணு. உங்க வீட்டுச் சமையலறைக்குள்ள விடாத ஆளுங்க யாரு, ஏன் விடலன்னு நீயே சொல்லு. என் பேரைச் சொல்லிச் சொல்லு. அவங்க போன்ல தமிழ் இருக்கு, கஷ்டமில்ல.”

இரண்டு நீல டிக் உடனே விழுந்தது. எப்போதும் போல உடனே. எழுதிக்கொண்டிருக்கிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது.

ஜூன் 29, ஞாயிறு

ஃபாபியோ கொல்லையில் கறி சுட்டான். புகை ஊரெல்லாம். ஒன்பது மணி வெளிச்சத்தில் எல்லாரும் கொல்லையிலேயே சாப்பிட்டோம், கராஜ் கதவு பூட்டிக் கிடந்தது. இடையிடையே லொரேதானா தன் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டாள். அவன் கூப்பிடுவான் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். “அவர் நல்ல பிள்ளை. அவசியம் அழைப்பார்” என்றது போன்.

கூப்பிடவில்லை. இன்று மறுபடியும் எழுதினேன். ஒரே சொல்.

“சொல்லு.”